முதியோர் இல்லத்துக்கு மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வாராவாரம் கூட்டி வர: இடம், நேரம், வேலை, தொற்று பற்றி யோசனை தேவை

இல்லப் பொறுப்பாளர், காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு பழைய செட்டிநாட்டு வீட்ல எங்க முதியோர் இல்லம் நடக்குது. 22 பேர் இருக்காங்க, 14 ஆச்சிமார், 8 ஐயாமார். ஆறு பேருக்கு மறதி நோய். நாலு பேர் சக்கர நாற்காலியில. ரெண்டு தெரு தள்ளி ஒரு மழலையர் பள்ளி, 3 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் பிள்ளைங்க. தாளாளர் சரின்னுட்டாங்க.

இப்ப பிள்ளைங்க வர்றது பொங்கலுக்கும் ஆகஸ்ட் 15-க்கும்தான். வரிசையா நின்னு ஆடுவாங்க, பாடுவாங்க, பிஸ்கட் பாக்கெட் குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, வேன் ஏறிடுவாங்க. யாரு யாரைப் பார்க்க வந்தாங்கன்னே தெரியாது. அதை மாத்தி, வாராவாரம் ஒரே பிள்ளைங்க வந்து பெரியவங்களோட உட்கார்ந்து ஏதாவது செய்யுற மாதிரி ஆக்கணும்.

எத்தனை பேர்? எவ்வளவு நேரம்? முகப்புல உட்கார வைக்கலாமா, உள்முற்றத்தைச் சுத்தி இருக்கிற வளவுலயா? என்ன வேலை குடுக்கலாம்? காய்ச்சல், சளி ஒட்டாம எப்படிப் பார்த்துக்கிறது? அனுமதி யாருகிட்ட வாங்கணும்? அனுபவம் உள்ளவங்க விவரமா சொல்லுங்க.

---

முதியோர் செவிலி, தேவகோட்டை

22 பேரையும் 40 பிள்ளைங்களையும் ஒரே நேரத்துல சேர்த்தீங்கன்னா அது திரும்பவும் ஆண்டு விழாதான். 8 பிள்ளை, 8 பெரியவங்க. அதுக்கு மேல வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்னு ஜோடி போட்டு, மூணு மாசத்துக்கு அந்த ஜோடியை மாத்தாதீங்க. மறதி உள்ளவங்களுக்குப் பேர் நிக்காது, ஆனா வாராவாரம் அதே முகம் அதே நாற்காலிக்குப் பக்கத்துல வந்து நின்னா ஒரு பழக்கம் படியும். பிள்ளைக்கும் அப்படித்தான். ஆள் மாறிக்கிட்டே இருந்தா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வாரமும் முதல் வாரம்தான்.

நேரம் காலையில 10 மணியில இருந்து 10:45. பலகாரம் முடிஞ்சு, மாத்திரை குடுத்து, கக்கூஸ் போய்ட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன்னாடி இருக்கிற நேரம் அது ஒண்ணுதான். சாயங்காலம் வைக்கவே கூடாது. மறதி நோய்க்காரங்களுக்குப் பொழுது சாயச் சாயப் பதற்றம் கூடும், "வீட்டுக்குப் போகணும்"னு எழுந்திருப்பாங்க. அந்த நேரத்துல எட்டுப் பிள்ளை சத்தம் போட்டா அடக்க முடியாது.

கிழமை: செவ்வாயும் வெள்ளியும் ஆச்சிமார் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நாள், புதனும் சனியும் ஐயாமாருக்கு. திங்கள் இல்லைன்னா வியாழன் வைங்க. இல்லத்துல இந்த முறை இப்ப இல்லைன்னாலும் அவங்க மனசுல கணக்கு அப்படியேதான் ஓடும். ஈரத் தலையோட யாரும் வந்து உட்கார மாட்டாங்க.

யாரைச் சேர்க்கணும்கிறதைத் தனித்தனியா கேட்டு முடிவு பண்ணுங்க. வயசானவங்க எல்லாருக்கும் பிள்ளைங்க பிடிக்கும்னு இல்லை. "எனக்கு இரைச்சல் ஆகாது"ன்னு ஒரு ஐயா சொன்னா அது அவர் உரிமை. தூரமா ஒரு நாற்காலி போட்டு வைங்க, பார்க்கத் தோணுனா வந்து பார்க்கட்டும். மறதி நோய் இருக்குன்னு யாரையும் ஒதுக்க வேண்டாம். நடுத்தர நிலையில உள்ளவங்க கைவேலைக்கும் பாட்டுக்கும் நல்லா ஒத்து வருவாங்க. திடீர்னு தொட்டா கை ஓங்குறவங்க, ரெண்டு மூணு நாளா புதுசாக் குழம்பிப் போயிருக்கிறவங்க, இவங்களை மட்டும் அன்னைக்கு விட்டுருங்க. புதுசாக் குழப்பம் வந்திருந்தா முதல்ல மூத்திரத் தொற்று இருக்கான்னு பாருங்க.

இப்ப இடம். முகப்பு வேண்டாம். தெருவைப் பார்த்த திண்ணை, படி உயரம், வண்டிச் சத்தம், போறவன் வர்றவன் எட்டிப் பார்ப்பான். வளவுத் தாழ்வாரத்துல ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கங்க. அதுல நாலு சங்கதி கவனிக்கணும்.

முற்றம் தாழ்ந்திருக்கும். விளிம்பு பெரியவங்க கண்ணுக்குத் தெரியாது, தரையும் ஓரக்கல்லும் ஒரே நிறமாத் தெரியும். ஓரம் முழுக்க 5 செ.மீ. அகல மஞ்சள் டேப் ஒட்டுங்க. அந்தப் பக்கத்தை நீளப் பெஞ்சு போட்டு அடைங்க.

தரையில பதிச்சிருக்கிற ஆத்தங்குடிக் கல் புழங்கப் புழங்கப் பளபளன்னு ஆகும், ஈரம் பட்டா வழுக்கும். 9 மணிக்குள்ள துடைச்சு முடிச்சுரணும். கைத்தடி நுனி ரப்பர் தேய்ஞ்சு வழவழன்னு இருந்தா மாத்துங்க. மருந்துக்கடையில சல்லிசா கிடைக்குற சாமான், அதுக்குப் போய் இடுப்பு எலும்பை முறிச்சுக்கிறதா?

எதிரொலி. உயரமான கூரை, வழவழன்னு சுண்ணாம்புச் சுவர், கல்லுத் தரை. எட்டுப் பிள்ளை ஒண்ணாப் பேசினா காது மெஷின் போட்டவங்களுக்கு ஒரே இரைச்சலாத்தான் கேக்கும். தூணுக்குத் தூண் கயிறு கட்டிப் பழைய கனத்த போர்வை ரெண்டு மூணு தொங்க விடுங்க. பிள்ளைங்க உட்காருற இடத்துல மட்டும் ஜமுக்காளம். பெரியவங்க நடக்கிற வழியில விரிப்பு எதுவும் கூடாது, தடுக்கும்.

வெளிச்சம். பிள்ளை முற்றத்துக்கு முதுகு காட்டி நின்னா முகம் இருட்டா, வெறும் உருவமாத் தெரியும். கண் புரை உள்ளவங்களுக்குக் கூசவும் செய்யும். அதனால பெரியவங்க முதுகு முற்றத்துப் பக்கம் இருக்கணும், பிள்ளை முகத்துல வெளிச்சம் விழணும்.

9:45-க்கு ஒரு ஆள் அந்தத் தாழ்வாரத்தைக் குனிஞ்சு பார்த்து ஒரு சுற்று சுத்தணும். கீழே விழுந்த மாத்திரை, ஊசி, பொத்தான், வெத்தலைப் பெட்டியில இருந்து விழுந்த பாக்கு. சர்க்கரை நோய் மாத்திரை ஒண்ணு மூணு வயசுப் பிள்ளை வாயில போனா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். காப்பி பிளாஸ்க் அடுப்படியை விட்டு வெளிய வரக் கூடாது. பின்கட்டுக் கதவுக்குப் பூட்டு, கிணத்துக்கு இரும்பு வலை. சக்கர நாற்காலியில ரெண்டு பிரேக்கும் போட்டு, கால் வைக்கிற தகட்டை மடக்கிடுங்க. பிள்ளைங்க தடுக்கி விழுறது பெரும்பாலும் அந்தத் தகட்டுலதான்.

---

மழலையர் ஆசிரியை, பள்ளத்தூர்

செவிலி அக்கா சொன்னதோடு பிள்ளைகள் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வருகைக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கைத்தடி, ஒரு வாக்கர், முடிந்தால் ஒரு காலிச் சக்கர நாற்காலியைப் பள்ளிக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் தொட்டு, உருட்டி, ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும். இல்லத்துக்கு வந்து முதன்முதலாகப் பார்த்தால் ஆளை விட்டுவிட்டு வண்டியைத்தான் பார்ப்பார்கள். "சில தாத்தாவுக்குக் கை நடுங்கும், பல் இருக்காது, சொன்னதையே திரும்பச் சொல்வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அங்கே போய் உரக்கக் கேட்பார்கள். கேட்டாலும் தப்பில்லை, பெரியவர்கள் அதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. கூட வரும் டீச்சர்தான் வெட்கப்பட்டுப் பிள்ளையைக் கிள்ளுவார்.

நாலு பிள்ளைக்கு ஒரு பள்ளி ஆள். இல்லத்துப் பக்கம் மூன்று நான்கு பேருக்கு ஒருவர். இதற்கு மேல் எந்த ஜோடியோடும் சேராத ஒருவர் சும்மா நிற்க வேண்டும். அழுகிற பிள்ளையையோ எழுந்து போக நினைக்கும் ஐயாவையோ அவர் கவனித்துக்கொண்டால் மற்ற ஜோடிகள் கலையாது. ஆள் பற்றாக்குறை என்று முதலில் வெட்டப்படுவது இந்த ஆள்தான். வெட்டினால் பத்தாவது நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடும்.

45 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம் கை கழுவல். அடுத்த 5 வணக்கப் பாட்டு. ஒவ்வொரு வாரமும் அதே பாட்டு, தாழ்ந்த சுருதியில். வயதானால் கீச்சுக் குரல்தான் முதலில் காதில் விழாமல் போகும், பிள்ளைகள் குரலோ கீச்சுக் குரல். அதனால் கத்தச் சொல்லாதீர்கள். எதிரே நின்று மெதுவாக, ஒவ்வொருவராகப் பேசச் சொல்லுங்கள். பிறகு 20 முதல் 25 நிமிடம் கைவேலை. கடைசி 10 நிமிடத்தில் பாட்டு, விடைபெறல், மறுபடி கை கழுவல். மூன்று வயதுப் பிள்ளைக்கு 20 நிமிடக் கைவேலையே அதிகம். நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும், திரும்பி வரும்.

உயரப் பிரச்சினை யாரும் யோசிக்காத ஒன்று. பிள்ளையைத் தரையில் உட்கார வைத்தால் பெரியவர் 45 நிமிடம் கழுத்தைக் குனிந்தே இருக்க வேண்டும். பெரியவருக்குக் கை வைத்த நாற்காலி, 45 செ.மீ. உயரம், நாலு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்றால் இரண்டு பேர் முகமும் ஓரளவு சமமாக வரும். வேலையை மேசையில் வைக்காமல், நாற்காலிக் கைகளின் மேல் ஒரு பலகையோ தாம்பாளமோ வைத்துச் செய்தால் இருவர் கைக்கும் எட்டும்.

இனி என்ன செய்ய வைப்பது. என் விதி ஒன்றுதான்: வேலை பாதி பெரியவர் கையிலும் பாதி பிள்ளை கையிலும் இருக்க வேண்டும். ஒருவர் செய்து ஒருவர் கைதட்டுவது கூடாது.

வெந்தயம் விதைப்பதுதான் முதல் வாரத்துக்கு நல்லது. ஜோடிக்கு ஒரு கொட்டாங்கச்சி, அடியில் ஓட்டை, 3 செ.மீ. தேங்காய் நார்த்தூள், முதல் நாள் இரவே ஊற வைத்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இரண்டு மூன்று நாளில் முளை விடும். அடுத்த வியாழனுக்குள் கீரையாக நிற்கும். வாரத்தின் நடுவில் தண்ணீர் தெளிப்பது ஆச்சி பொறுப்பு. இதுதான் முக்கியம், பிள்ளைகள் இல்லாத ஆறு நாளும் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை வந்ததும் நூலால் செடி உயரத்தை அளந்து, நூலை வெட்டி அட்டையில் ஒட்டட்டும். தண்ணீர் அதிகமானால் அழுகும், மறதி உள்ளவர் ஐந்து முறை ஊற்றுவார். ஊற்றும் பாட்டிலை ஒரே நேரத்தில் மட்டும் கையில் கொடுங்கள்.

கோலம் தரையில் வேண்டாம், மாவு சிந்தினால் வழுக்கும். விளிம்புள்ள தாம்பாளத்தில் பச்சரிசி மாவை அரை செ.மீ. கனத்துக்குப் பரப்பி, ஆச்சி மூன்றுக்கு மூன்று புள்ளி வைக்க, பிள்ளை விரலால் இழுக்கட்டும். தாம்பாளத்தை ஒரு குலுக்குக் குலுக்கினால் அழிந்துவிடும். கை நடுங்குகிறவர்கள் தயங்காமல் சேர்வது இதில்தான், தப்புக் கோடு நிற்பதில்லை.

கொட்டான் என்கிற ஓலைக் கூடை பின்னத் தெரிந்த ஆச்சிமார் இந்தப் பக்கம் நிறைய. பனை ஓலை விளிம்பு பிள்ளை விரலைக் கிழிக்கும். பிள்ளைக்குச் சார்ட் தாளில் 2 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் எட்டுப் பட்டை. அடிப் பின்னலை ஆச்சி போட்டுக் கொடுத்து, ஒன்று விட்டு ஒன்று நுழைப்பதைப் பிள்ளை செய்யலாம்.

பூக் கட்டுவதற்கு ஊசி வேண்டாம். வாழைநாரைப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். பிள்ளை இரண்டு இரண்டாக மல்லி எடுத்து நீட்ட, ஆச்சி முடிச்சுப் போடட்டும். கூடையில் அரளி கலந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். செடி முழுக்க விஷம், பிள்ளை பூவை வாயில் வைக்கும்.

பல்லாங்குழி மூன்று, நாலு வயதுக்கு வேண்டாம். சோழியும் புளியங்கொட்டையும் தொண்டையில் சிக்கும் அளவு. ஐந்து வயதுக்கு வைக்கலாம். 14 குழிக்கு ஐந்து ஐந்தாக 70 காய். ஆட்டம் முடிந்ததும் 70 எண்ணி டப்பாவில் போட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். எண்ணுவதே ஒரு ஆட்டம்தான், ஐயாமார் இதில் கறாராக இருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பார்த்து, பொம்மை செய்ய உப்பு மாவு பிசைந்துவிடாதீர்கள் (இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர்). அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பு. நெல்லிக்காய் அளவு உருண்டை, 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 5 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. மறதி உள்ளவர் அதைக் கொழுக்கட்டை என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுவார். உப்பில்லாமல் கோதுமை மாவு இரண்டு கப், தண்ணீர் முக்கால் கப், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, நிறத்துக்கு மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ. அன்றைக்கே கொட்டிவிடுங்கள், மறுநாள் புளிக்கும்.

---

புதுவயல்காரன்

எல்லாம் கேக்க நல்லா இருக்கு. ஆனா பெத்தவங்க பக்கம் நின்னு ரெண்டு வார்த்தை. இல்லத்துல இருமிக்கிட்டே இருக்கிறவங்க நடுவுல சின்னப் பிள்ளையைக் கொண்டு விடணுமா? அப்புறம், பிள்ளை ஒரு ஆச்சிகூட நல்லாப் பழகி, திடீர்னு அவங்க தவறிட்டா? அதுக்கு யாரு பதில் சொல்றது? வெளிநாட்ல பண்றாங்கன்னு இங்கயும் பண்ணணுமா?

---

பொது மருத்துவர், காரைக்குடி வட்டாரம்

கேட்க வேண்டிய கேள்விதான். தொற்று பற்றி மட்டும் சொல்கிறேன். உண்மையில் பிள்ளைகளிடமிருந்து பெரியவர்களுக்குப் போவதுதான் அதிகம். ஆனால் எதிர்த் திசையில் மூன்று விஷயம் உண்டு.

ஒன்று காசநோய். தொடங்குவதற்கு முன் இல்லத்தில் உள்ள எல்லாரையும், சமையல்காரர் உட்பட ஊழியர்களையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, இரவில் வியர்வை இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை. இலவசம். முடிவு வரும்வரை அவர் பிள்ளைகளோடு சேரக் கூடாது.

இரண்டாவது அக்கி. அக்கி எழுதக் கூட்டிப் போனதோடு விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். மூன்று நாளைக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். அக்கிக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத பிள்ளைக்குச் சின்னம்மை வரும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை அவர் கலந்துகொள்ள வேண்டாம்.

மூன்றாவது சொறி சிரங்கு. இல்லங்களில் இது சத்தமில்லாமல் சுற்றும். இரவில் அரிப்பு, விரல் இடுக்கில் பொரி. ஒருவருக்கு இருந்தால் அந்த அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஒருவருக்கு மட்டும் பூசினால் பலனில்லை, திரும்ப ஒட்டும். துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் அலச வேண்டும். இல்லம் முழுக்கத் தீர்ந்த பிறகே பிள்ளைகளை அழையுங்கள்.

பிள்ளைகள் பக்கம்: காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலற்று இருக்க வேண்டும். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் காலையில் தெரியாது, பதினொரு மணிக்குத்தான் சுடும். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம். மெட்ராஸ் ஐ என்றால் கண்ணில் பீளை நிற்கும்வரை. தக்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்லும் கை, கால், வாய்க் கொப்புளம் என்றால் காயும்வரை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் கடைசியாக வந்தவருக்குப் பிறகு 21 நாள் மொத்தமாக நிறுத்துங்கள். சில வீடுகளில் முத்துப் போட்டிருப்பதை வெளியே சொல்ல மாட்டார்கள், வேப்பிலை கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். டீச்சர்தான் வராத பிள்ளையின் வீட்டை விசாரிக்க வேண்டும்.

கை கழுவ சோப்பும் தண்ணீரும், 20 வினாடி. கிருமிநாசினி திரவம் மட்டும் போதாது, வாந்தி வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில வைரஸ்களுக்கு அது அவ்வளவாக வேலை செய்யாது. நாற்காலியை விட்டு எழ முடியாதவர்களுக்குச் சொம்பும் தட்டும் கொண்டு போங்கள். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி பற்றி அவரவர் மருத்துவரிடம் பேசுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

தின்பண்டம். முதல் மாதம் எதுவுமே வேண்டாம். சுண்டல், நிலக்கடலை, முழுத் திராட்சை எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் ஆபத்து, பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் பெரியவருக்கும் ஆபத்து. பிள்ளை அன்பாக ஒரு முறுக்கைத் தாத்தா வாயில் திணிக்கும். கூழாகத்தான் சாப்பிட வேண்டியவர் அவர் என்று அதற்கு எப்படித் தெரியும்?

தோல். வயதானவர் கைத்தோல் மெல்லியது. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லேசாகப் பிடித்தாலே கன்றிவிடும். மணிக்கட்டைப் பிடித்து இழுக்காமல், அவர் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். "பருப்பு கடைஞ்சு" விளையாடினால் அந்தப் பிடி தானாக வரும். பெரியவர் பிள்ளையைத் தூக்கக் கூடாது, இதில் தயவே வேண்டாம்.

வெளிநாடு பற்றி: டோக்கியோவில் கோட்டோயென் என்ற இடத்தில் 1976 முதல் முதியோர் இல்லமும் பிள்ளைக் காப்பகமும் சேர்ந்து நடக்கின்றன. சியாட்டிலில் 1991 முதல், லண்டனில் ஓர் இல்லத்தில் 2017 முதல் மழலையர் பள்ளி உள்ளேயே இருக்கிறது. நம் சமூகநலத் துறையிலும் முதியோரையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் ஒரே வளாகத்தில் வைக்கும் திட்டம் உண்டு. பலன் என்று பார்த்தால் மனநிலை, பேச்சு, அசைவு கூடுவதைப் பார்க்கலாம். மறதி நோய் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

---

மழலையர் ஆசிரியை, பள்ளத்தூர்

பழகிய ஆச்சி தவறிவிட்டால் என்ற புதுவயல் அண்ணனின் கேள்விக்கு. அந்த நாள் வரும், ஒரு வருடத்துக்குள் கட்டாயம் வரும். அதனால் தொடங்கும்போதே பெற்றோர் கூட்டத்தில் வாயைத் திறந்து சொல்லி, சம்மதப் படிவத்திலும் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

நடந்த அன்றே பெற்றோருக்குத் தகவல், மறுநாள் காலையில் வகுப்பில். சொல்லும் சொல் நேராக இருக்கட்டும்: "ஆச்சி இறந்துட்டாங்க. உடம்பு வேலை செய்றது நின்னுபோச்சு. இனி வர மாட்டாங்க." தூங்கிட்டாங்க என்று சொன்னால் பிள்ளை ராத்திரி கண்ணை மூடப் பயப்படும். ஊருக்குப் போயிட்டாங்க என்றால் எப்போது வருவார் என்று மாதக் கணக்கில் கேட்கும். சாமிகிட்ட போயிட்டாங்க என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதைப் பெற்றோருக்கு விட்டுவிடுங்கள். "நீங்களும் செத்துப்போவீங்களா டீச்சர்?" என்று கேட்டால் "எல்லாரும் ஒரு நாள், ஆனா ரொம்ப வருஷம் கழிச்சு" போதும். நாலு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் விளையாடப் போய்விடும், பத்து நாள் கழித்துச் சோறு தின்னும்போது திடீரென்று கேட்கும். இரண்டுமே இயல்பு. புது ஜோடியை உடனே போடாமல், இரண்டு வாரம் வேறொரு ஜோடியோடு மூன்றாவது ஆளாகச் சேர்த்துவிடுங்கள்.

---

சமூகப் பணியாளர், சிவகங்கை

அனுமதி. தனியார் மழலையர் பள்ளி என்றால் பள்ளியும் பெற்றோரும் போதும், ஆனால் எழுத்தில். அங்கன்வாடிப் பிள்ளைகள் என்றால் பணியாளர் தன்னிச்சையாகக் கூட்டி வர முடியாது. மேற்பார்வையாளர் வழியாகக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு போக வேண்டும். இல்லம் தரப்பில் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து வைப்பது நல்லது.

படிவத்தில் ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி இரண்டு, போட்டோ சம்மதம் தனிக் கட்டமாக. போட்டோவுக்கு மறுத்தாலும் பிள்ளை வரலாம் என்று எழுதுங்கள். பெரியவரின் சம்மதத்தை அவரிடமே வாங்க வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் மட்டும் கேட்டால் ஆகாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் யாரும் வைக்கக் கூடாது, நன்கொடையாளர் கேட்டாலும்.

எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு ஊழியர் கண் பார்வையில். கக்கூஸுக்குப் பள்ளி ஆள் மட்டுமே கூட்டிப் போக வேண்டும். படுக்கை அறைப் பக்கம் பிள்ளை போகக் கூடாது. "தாத்தாவுக்கு முத்தம் குடு" என்று யாரும் சொல்லாதீர்கள். மடியில் உட்காருவதும் உட்காராததும் பிள்ளை விருப்பம். குழந்தைகள் உதவி எண் 1098, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

யாரும் வாய் திறக்காத ஒன்று. நம் பக்கத்துப் பெரியவர்கள் பிள்ளையைப் பார்த்ததும் "நீ யாரு வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, அப்பா பேர் என்ன" என்று தொடங்குவார்கள். பாதி நேரம் அன்பு, பாதி நேரம் சாதிக் கணக்கு. பதில் பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். முதல் நாளுக்கு முன்பே பெரியவர்களிடம் பேசுங்கள். பெயர் அட்டையில் பிள்ளையின் பெயர் மட்டும், தலைப்பெழுத்தோ ஊரோ வேண்டாம். கேள்வி தொடங்கினால் ஊழியர் உடனே வேலைக்குத் திருப்ப வேண்டும்: "ஆச்சி, இந்தப் பட்டை எதுக்குள்ள போகணும்?" அதற்கும் மசியாதவர் ஜோடியில் வேண்டாம். விபூதி பூசுவதும் அப்படித்தான், முஸ்லிம், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். பெற்றோரைக் கேட்காமல் கூடாது. காசு கொடுப்பதை நிறுத்துங்கள். ஒரு ரூபாய் நாணயம் வாயில் போகும், மற்றப் பிள்ளைகளும் கேட்கும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு நோட்டில் மூன்றே விஷயம்: யார் எத்தனை நிமிடம் இருந்தார், யார் எழுந்து போனார், அடுத்த மூன்று நாளில் யாருக்கு உடம்புக்கு வந்தது. மூன்று மாதம் கழித்துத் தொடரலாமா என்று முடிவெடுக்க வேறு எதுவும் தேவையில்லை.

---

இல்லப் பொறுப்பாளர், காரைக்குடி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வியாழக்கிழமை, 8 பிள்ளை, வெந்தயத்துல ஆரம்பிக்கிறோம். ரெண்டு சந்தேகம். மறதி உள்ள ஒரு ஆச்சி, எந்தப் பொண்ணைப் பார்த்தாலும் தன் மகள்னு நினைச்சு விடமாட்டேங்குறாங்க. அப்ப என்ன செய்யணும்? இன்னொண்ணு, அறையில இருந்து தாழ்வாரத்துக்கு வர நிலைப்படி 12 செ.மீ. உயரம். சக்கர நாற்காலியைத் தூக்கித்தான் வைக்கிறோம்.

---

முதியோர் செவிலி, தேவகோட்டை

ஆச்சி மகள்னு சொன்னா "இல்லை, இது வேற பிள்ளை"ன்னு மறுக்காதீங்க, அழுகையிலயோ கோபத்துலயோதான் முடியும். "ஆமான்னு சொல்லு"ன்னு பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கவும் வேண்டாம். "உங்க மகளுக்கு என்ன பாட்டு பிடிக்கும் ஆச்சி?"ன்னு பேச்சை அங்கேயே கொண்டு போங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு விடலைன்னா அந்தக் கையில கொட்டாங்கச்சியைக் குடுங்க, பிடி தானா மாறும். விடைபெறுற நேரத்துல அந்த ஆச்சியை மட்டும் பிள்ளைங்க கிளம்புறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே வெத்தலை மடிக்கவோ காப்பி குடிக்கவோ உள்ள கூட்டிட்டுப் போயிருங்க. வாசல்ல பிள்ளை போறதைப் பார்த்தா பின்னாடியே எழுந்து நடப்பாங்க.

நிலைப்படிக்குச் சரிவுப் பலகை போடுங்க. உயரத்துக்குப் பன்னெண்டு மடங்கு நீளம், அப்ப 12 செ.மீ.க்கு 144 செ.மீ. அகலம் 90. ரெண்டு ஓரத்துலயும் 5 செ.மீ. கட்டை அடிங்க, சக்கரம் நழுவாது. அடியில ரப்பர் விரிப்பு வைக்கலைன்னா ஆத்தங்குடிக் கல்லுல பலகையே வழுக்கிட்டு ஓடும். இறக்கும்போது நாற்காலியைப் பின்னோக்கி இறக்குங்க, முன்னோக்கி இறக்கினா ஆள் முன்னாடி சரிஞ்சுருவாங்க.